மறைத்தலும் பொய்த்தலும்

மெய்யை அறிதற்பொருட்டு ஒருவனுக்கு மெய்யை மறைத்தல் அறமாகுமா என்பது ஈண்டு ஆராயப் புகுந்த வினா. இது வெறும் வாதத்திற்காக எழுப்பியதன்று. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்ஸன் நோயை மரபணுவினால் தணிக்கலாகுமா என்று மேனாட்டு மருத்துவர் இந்நூற்றாண்டின் தொடக்கமுதல் சோதனைகள் செய்து வருகின்றனர். அவற்றுட் சிலவற்றில், நோயாளரை இரு கூறாகப் பகுத்து, ஒரு சாரார்க்கு மண்டையோட்டில் துளையிட்டு மருந்தைச் செலுத்துவர்; மற்றொரு சாரார்க்குத் துளையை மாத்திரம் இட்டு, மருந்து செலுத்தாமலே தோலைத் தைத்துவிடுவர். தமக்கு நிகழ்ந்தது இரண்டனுள் யாது என்பதை நோயாளர் பல திங்கள் அறியார். அவர்க்கு அறிவிக்கவும் படாது. இதனைக் கேட்ட அளவிலே, நோயுற்றாரை ஏமாற்றுவதும் ஒரு மருத்துவமோ என்று நெஞ்சம் துணுக்குறும். துணுக்குறுதல் நல்லார்க்கு இயல்பே. ஆயினும் துணுக்கத்தையே துணிபாகக் கொள்ளாமல், தடை விடைகளான் ஆராய்ந்து முடிவு காண்டல் அறிவுடையார் கடனாதலின், அவ்வாறே ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்னும் இலண்டன் மருத்துவர், ஆறு பேருடைய நிலையை எடுத்துக் கூறி நடுக்குவாதத்தைப்பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டனர். பிற்காலத்துப் பிரெஞ்சு மருத்துவராகிய ஷார்க்கோ என்பார் அவர் பெயரையே அந்நோய்க்குச் சூட்டினர். ஓய்ந்திருக்குங்கால் கை நடுங்குதல், உறுப்புக்கள் விறைத்தல், எச்செயலும் தாமதப்படுதல், அடி குறுகுதல், முகத்திற் குறிப்புத் தோன்றாமை, எழுதும் எழுத்து வரவரச் சிறுத்தல் என்பன இதன் அடையாளங்கள். அறிவு பலர்க்கு நெடுநாள் தெளிந்தே நிற்கும். உடலோ ஏவியது கேளாத ஏவலாளன் போல் ஆகிவிடும். நினைத்ததைச் செய்யமாட்டாமையைத் தானே நாடோறும் கண்டுகொண்டிருத்தலே இந்நோயாளர்க்குப் பெருந்துன்பம்.

மூளையின் அடிப்பாகத்தில் கருநிறமுடைய சிறு பகுதி ஒன்றுண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளைத் தோற்றுவித்து, புட்டாமென் முதலிய பகுதிகட்கு உய்க்கின்றன. உடலியக்கம் ஒழுங்குபடுதற்கு அப்பொருள் இன்றியமையாதது. அவ்வணுக்கள் மெல்ல மெல்ல மடிவதால் நோய் தோன்றுகின்றது. இந்நோயோடு இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருத்தலை 1960-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஹார்னிகீவிச் என்பாரும் அவருடன் உழைத்தாரும் கண்டு வெளியிட்டனர். 1967-இல் அமெரிக்க நாட்டில் கோட்சியாஸ் என்பார், உடலினுட் சென்று டோபமைனாக மாறும் லெவோடோபா என்னும் மருந்தைப் படிப்படியாக மிகுத்துக் கொடுத்துப் பெரும்பயன் கண்டனர். நம் நாட்டுப் பூனைக்காலி வித்தினுள் அப்பொருள் இருத்தலை 1937-ஆம் ஆண்டிலேயே தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டியமையும் ஈண்டு நினைக்கத் தக்கது. ஆயினும் அம்மருந்து அணுக்கள் மடிதலைத் தடுப்பதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பயன்படும் நேரம் சுருங்கும். வேண்டாத உடலசைவுகளும் உடன் தோன்றும்.

இக்குறையை நீக்குதற்கு எழுந்த முயற்சிகளுள் ஒன்று மரபணுச் சிகிச்சை. மக்கட்கு நோய் செய்வதாக அறியப்படாத ஒருவகை வைரஸினின்று அதன் சொந்த மரபணுக்களை நீக்கி, வேண்டிய மரபணுவை அதனுள் வைத்து, நுண்ணிய ஊசியினால் மூளையின் ஆழத்திற் செலுத்துவர். அது நரம்பணுவினுட் புகுந்து தான் சுமந்து வந்ததை அங்கே இறக்கும். அதன்பின் அவ்வணுவே வேண்டும் பொருளை உண்டாக்கிக்கொள்ளும். நாடோறும் குடத்தால் நீர் முகந்து ஊற்றுவதற்கும் நிலத்தில் ஊற்றுக்கண்ணைத் திறந்துவிடுவதற்கும் உள்ள வேற்றுமை போல்வது, மாத்திரைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை. ஆயின் மாத்திரை தீங்கு செய்யின் நிறுத்திவிடலாம். மூளையணுவினுட் புகுந்த மரபணுவைத் திரும்ப எடுத்தல் இயலாது. இதனை மறவாமல் மேலே செல்லுதல் வேண்டும்.

இந்நோய்க்கு இம்முறை முதன்முதலாக 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் நகரில் ஒருவர்க்குச் செய்யப்பட்டது. பின்னர், செரிஜீன் என்னும் நிறுவனத்தார், நரம்பணுக்களைப் பேணும் நியூர்டூரின் என்னும் புரதத்தை ஆக்கவல்ல மரபணுவை 12 பேர்க்குச் செலுத்தச் செய்தனர். பன்னிருவர்க்கும் மெய்ம்மருந்தே கொடுக்கப்பட்டது. அதனைப் பன்னிருவரும் அறிவர். அவர்களை ஆராய்ந்த மருத்துவரும் அறிவர். நோயின் கடுமையை எண்ணாற் குறிக்கும் அளவை ஒன்று மருத்துவரிடத்து உண்டு. எண் குறைதல் நலத்தைக் காட்டும். ஓராண்டு கழித்து அளந்தபோது, மருந்துண்ணாத வேளையில் இயக்கத்தைக் குறிக்கும் எண் சராசரியாக 14 குறைந்திருந்தது. அஃதாவது நூற்றுக்கு 36 பங்கு நலம். இச்செய்தி 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயாளர் குடும்பங்களில் இதனைக் கேட்டோர்க்கு எத்துணை நம்பிக்கை பிறந்திருக்கும் என்பது சொல்ல வேண்டா.

இத்துணைப் பயன் கண்டபின் அதனை எல்லார்க்கும் கொடாமல், போலி அறுவை ஒன்றைப் படைத்துக்கொண்டு மீண்டும் சோதித்தது எற்றுக்கு? இதற்கு விடை நம் தருக்க நூலிலேயே உண்டு. ஒன்று மற்றொன்றற்குக் காரணம் என்று நாட்டுதற்கு, அஃது உள்ளவிடத்து இஃது உண்டு என்னும் அன்னுவயம் மாத்திரம் போதாது. அஃது இல்லாதவிடத்து இஃது இல்லை என்னும் வெதிரேகமும் வேண்டும். புகையால் நெருப்பை அனுமிப்பான் அட்டிலைக் காட்டியதோடு அமையான். நீர் நிறைந்த மடுவையும் காட்டுவான். பன்னிருவர்க்கு மரபணுவும் சென்றது, நலமும் தோன்றியது என்பது அட்டிலைக் காட்டியதாகும். மரபணுச் செல்லாதவிடத்து அந்நலம் தோன்றாது என்று காட்டும் மடு எங்கே? பன்னிருவர்க்குக் கிடைத்தது மரபணு ஒன்று மாத்திரமன்று. பெரியதோர் அறுவைக்கு உட்பட்டோம் என்னும் நினைவும், புகழ்பெற்ற மருத்துவரின் இடையறாத கவனிப்பும், இனி நலம் பெறுவோம் என்னும் நம்பிக்கையும் அதனுடன் கூடவே சென்றன. இவற்றுள் எது காரணம்?

நம்பிக்கையால் இயக்கமும் திருந்துமோ எனின், இந்நோயில் அது பெரிதும் திருந்தும். 2001-ஆம் ஆண்டில் கனடா நாட்டு வான்கூவர் நகரத்து ஆராய்ச்சியாளர், மருந்தென்று நோயாளர் எதிர்பார்க்கும்படி வெறும் உப்புநீரை ஊசியிற் செலுத்தி, அவர்தம் மூளையைக் கருவியாற் படமெடுத்து ஆராய்ந்தனர். எதிர்பார்ப்பு மாத்திரையானே மூளையில் டோபமைன் சுரந்தமை கண்டனர். ஆதலின் நம்பிக்கையாற் பெற்ற நலத்தை நடிப்பென்றும் பிரமையென்றும் இகழ்தல் தவறு. அது மெய்யே நிகழ்வது. மெய்யே நிகழ்வதனாற்றான், மருந்தின் பயனோடு அது கலந்து நின்று, பிரித்தறியலாகாதபடி மயக்குகின்றது.

ஆகவே வெதிரேகம் தேடினர். 58 பேர் சோதனைக்கு இசைந்தனர். அவருள் 38 பேர்க்கு நியூர்டூரின் மரபணுவும், 20 பேர்க்குப் போலி அறுவையும் திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் வகுக்கப்பட்டன. போலி அறுவைக்கு உட்பட்டார்க்கும் அறுவைச்சாலையில் எல்லாம் முறைப்படியே நிகழ்ந்தன, தோல் கீறப்பட்டது, எலும்பு குடையப்பட்டது. எலும்பின் முழுக்கனமும் ஊடுருவாமல், மூளையை மூடிய உறையைத் தீண்டாமல், துளை இடையில் நிறுத்தப்பட்டது. அறுவை செய்தாரன்றி, பின்னர் அளந்து எண்ணிட்ட மருத்துவரும் இன்னார்க்கு இன்னது நிகழ்ந்தது என்று அறியார். ஓராண்டின் முடிவில், மரபணுப் பெற்றார்க்கு எண் ஏறத்தாழ 7 குறைந்திருந்தது. போலி அறுவை பெற்றார்க்கு ஏறத்தாழ 6 குறைந்திருந்தது. இரண்டற்கும் பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை. 2010-ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. முன்னே பன்னிருவரிடத்துக் கண்ட பயனை அம்மரபணுவின் பயனென்று கொள்ள இடமின்றிப் போயிற்று.

இம்முறை எதனையும் இல்லையென்று சாதிப்பதற்கே அமைந்தது என்று கருதுதலும் பொருந்தாது. நியூராலஜிக்ஸ் என்னும் மற்றொரு நிறுவனத்தார், மூளையின் வேறோரிடத்து மிகையான கிளர்ச்சியை அடக்கவல்ல மரபணு ஒன்றை இவ்வாறே போலி அறுவையோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். 2011-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி, ஆறு திங்களில் மரபணுப் பெற்றார்க்கு நூற்றுக்கு 23.1 பங்கும், போலி அறுவை பெற்றார்க்கு 12.7 பங்கும் நலம் காணப்பட்டன. இவ்விரண்டற்கும் இடைப்பட்டதே அம்மரபணுவின் பயன் என்று கூற ஒருவாறு இடமுண்டாயிற்று. போலி அறுவைக் கூட்டத்தாரின் எண் இல்லையாயின், 23.1 முழுவதும் மரபணுவின் தலையில் ஏற்றப்பட்டிருக்கும்.

இனித் தடைகளைக் கூறுவாம். போலி அறுவை மரபணுச் சிகிச்சைக்கு முன்னரே, கருவிலிருந்து எடுத்த நரம்பணுக்களை இந்நோயாளர் மூளையில் நடும் சோதனைகளிற் கையாளப்பட்டது. அப்பொழுதே அதன் தகுதியைக் குறித்துப் பெரும் பூசல் எழுந்தது. 1999-ஆம் ஆண்டில் ஒரே மருத்துவ இதழில் ஒரு சாரார் அதனை ஆதரித்தும், ரூத் மாக்லின் என்னும் அறவியல் அறிஞர் அதனைக் கடிந்தும் எழுதினர். கடிவார் கூறும் தடைகளைத் தொகுத்தால் மூன்றாகும். ஒன்று, செய்யாத சிகிச்சையைச் செய்ததுபோற் காட்டுதல் பொய். இரண்டு, தன்னளவில் ஒரு பயனும் பயவாத காயத்தை ஒருவன் உடலிற் செய்தல் மருத்துவன் தருமத்திற்கு மாறு. மூன்று, தீராநோயால் வருந்துவான் கொடுக்கும் இசைவு உரிமையோடு கொடுத்த இசைவன்று. வெள்ளத்திற் போவான் எதனைப் பற்றமாட்டான்? இம்மூன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல.

முதற்றடைக்கு, பிறர்க்கு நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யோடு வைத்து எண்ணப்படும் என்னும் அறநூற் கொள்கையைக் காட்டி விடையிறுப்பாருமுளர். யாம் அவ்விடையை மேற்கொள்ளேம். என்னை? அக்கொள்கை இடங்கொடுப்பது குற்றமற்ற நன்மை உறுதியாக விளையுமிடத்தேயாம். சோதனையிலோ, நன்மை விளையுமா விளையாதா என்பதே அறியப்படவேண்டுவது. அறியாத நன்மையை ஈடுகாட்டிப் பொய் கூறுதல், வாராத விளைச்சலைக் காட்டிக் கடன் வாங்குவதை ஒக்கும். அன்றியும், விளையும் நன்மை உலகத்தார்க்கு. துளை இவன் தலையில். ஆதலின் போலி அறுவை பொய்யாயின், அப்பொய்யை நன்மையைக் காட்டிப் போக்கிவிடல் இயலாது. அது பொய்தானா என்பதையே நேரே ஆராய்தல் வேண்டும்.

பொய்த்தலாவது, கேட்பான் மெய்யை எதிர்பார்க்க உரிமையுடையவனாய் இருக்குமிடத்து, அவன் அறியாமலும் இசையாமலும், மெய்யல்லாததை மெய்யென்று கொள்ளுமாறு செய்தல். மறைத்தலாவது, உள்ளதைக் கூறாதுவிடுதல். மறைத்தல் அனைத்தும் பொய்த்தலன்று. பல்லாண்டு மாணவர்க்குத் தமிழ் கற்பித்துத் தேர்வுத் தாள்களைத் திருத்திய எம்மனோர்க்கு இதற்கு எடுத்துக்காட்டுத் தொலைவில் தேடவேண்டுவதில்லை. வினாத்தாளை ஆசிரியன் மாணவனுக்கு மறைக்கின்றான். மறைக்கின்றான் என்பதை மாணவன் அறிவான். அறிந்தே தேர்வுக்கு வருகின்றான். விடைத்தாளில் மாணவன் பெயரை நீக்கி எண்ணை மாத்திரம் வைத்து, திருத்துவானுக்கும் மறைக்கின்றனர். அவன் விருப்பு வெறுப்புக்கள் மதிப்பெண்ணிற் புகாமைப்பொருட்டு. இருபாலும் மறைப்பு உண்டு, ஒருவரும் வஞ்சிக்கப்பட்டாரில்லை. மறைப்பு ஒன்று நிகழும் என்பது மறைக்கப்படாமல், அதற்கு உட்படுவான் அதனை ஏற்றுக்கொள்ளின், அங்குப் பொய்க்கு இடமில்லை.

போலி அறுவைச் சோதனையும் முறைப்படி நடக்குமாயின் இவ்வகையினதே. நோயாளனை முன்னே இருத்தி, உமக்கு மருந்து செலுத்தப்படலாம், வெறுந்துளை மாத்திரமும் இடப்படலாம், எது நிகழ்ந்ததென்று குறித்த காலம் கழியும்வரை உமக்குச் சொல்லமாட்டோம் என்று தெளிவாகக் கூறிய பின்னரே அவன் கையொப்பம் பெறப்படுகின்றது. தான் அறியாதிருக்கப்போவதை அவன் அறிந்தே ஏற்கின்றான். ஆகவே அவனுக்கு நிகழ்வது மறைத்தல்; பொய்த்தலன்று என்பது எமது துணிபு.

பொய் இத்தகைய சோதனைகளில் இல்லையோ எனின், உண்டு. ஆனால் பலரும் தேடும் இடத்தில் இல்லை. சோதனையைச் சிகிச்சை என்று பெயரிட்டு அழைக்குமிடத்தே முதற்பொய் புகுகின்றது. சிகிச்சையின் நோக்கம் இந்நோயாளனை நலப்படுத்துதல். சோதனையின் நோக்கம் ஓர் ஐயத்தைத் தீர்த்தல். பின்னையதில் நோயாளன் நலம் பெறினும் பெறலாம். அதற்கென்று அது நடப்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கூறாமல், 'சிகிச்சை' என்னும் ஒரு சொல்லால் அவன் நம்பிக்கையைத் தூண்டிக் கையொப்பம் பெறுவாராயின், அவன் தலையில் மெய்ம்மருந்தே சென்றாலும் அவன் பொய்க்கப்பட்டவனே.

இரண்டாம் பொய், அறிந்த தீங்கை அறிவியாமை. 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த மரபணுச் சோதனை ஒன்றில் ஜெஸ்ஸி கெல்ஸிங்கர் என்னும் பதினெட்டு வயது இளைஞர் உயிர் நீத்தனர். அவர் நோய் வேறு. செலுத்தப்பட்ட வைரஸும் வேறு. ஆயினும் அச்செய்தி இத்துறையார் அனைவர்க்கும் பாடமாயிற்று. அதே மருந்து முன்னர்ச் சிலரிடத்துக் கடும் விளைவுகளைச் செய்திருந்தமையும், அதனையொத்த மருந்தால் குரங்குகள் இறந்தமையும் அவர் கையொப்பமிட்ட தாளில் உரியவாறு கூறப்படவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. அங்குப் போலி அறுவை ஒன்றும் நிகழவில்லை. அவர்க்குக் கொடுத்தது உண்மை மருந்தே. ஆயினும் வாய்மை பிழைத்தது அங்கேதான். தான் ஏற்றுக்கொண்ட அறியாமை ஒருவனை வஞ்சிப்பதில்லை. தான் ஏலாத அறியாமையே வஞ்சிக்கும்.

இனி இரண்டாம் தடை. பயனற்ற காயத்தை மருத்துவன் செய்யலாமா? ஒருவனுக்குத் துன்பஞ்செய்து பலர்க்கு இன்பம் தேடலாம் என்னும் கணக்கை யாம் ஒப்புக்கொள்ளேம். அக்கணக்கு எத்தகைய கொடுமைக்குக் கொண்டுசெல்லும் என்பதை ஜெர்மனிய நாஜிகள் சிறையிலிருந்தாரைக்கொண்டு செய்த சோதனைகள் உலகிற்குக் காட்டின. அவற்றை விசாரித்த நூரெம்பெர்க் நீதிமன்றம் 1947-ஆம் ஆண்டில், சோதனைக்கு உட்படுவான் தானே விரும்பிக் கொடுக்கும் இசைவு இன்றியமையாதது என்பதை முதல் விதியாக வைத்தது. 1964-ஆம் ஆண்டில் உலக மருத்துவச் சங்கத்தார் ஹெல்சிங்கி நகரில் வகுத்த அறிக்கையும் அதனை வலியுறுத்திற்று. இவ்விதிகளின் உட்கருத்து யாதெனின், ஒருவன் உடலைப் பிறர் எடுத்துக்கொள்ளல் ஆகாது. அவன் தானே கொடுப்பானாயின் அது கொடையாம் என்பது. ஒருவன் பொருளைக் கவர்தற்கும், அவன் ஈவதை ஏற்றற்கும் செயலளவில் வேற்றுமை சிறிதே. அறத்தளவில் வேற்றுமை மலையளவு.

கொடையாயினும், ஏற்பானுக்கு அளவு உண்டு. இசைந்தான் என்பதற்காக எதனையும் செய்துவிடலாகாது. ஆதலாற்றான் துளை எலும்பின் இடையிலே நிறுத்தப்படுகின்றது. அவ்வாறு நிறுத்தியும், மயக்க மருந்தாலும் கீறலாலும் சிறிதும் இடரில்லை என்று எவரும் கூறார். அவ்விடரை மற்றொரு தட்டிலுள்ளதனோடு வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். 2008-ஆம் ஆண்டின் நற்செய்தியை நம்பி, போலி அறுவைச் சோதனையின்றியே அச்சிகிச்சையை விலைக்கு விட்டிருந்தால், எத்தனையோ ஆயிரவர் மூளையின் ஆழம்வரை ஊசி ஏற்று, திரும்ப எடுக்கலாகாத மரபணுவைச் சுமந்து, பொருளும் இழந்து, போலி அறுவையால் பெறுவதற்கு மேல் யாதும் பெறாமற் போயிருப்பர். இருபது பேர் ஏற்ற அரைத்துளை அத்தனை பேரையும் காத்தது.

மூன்றாம் தடையே மிக வலியது. நோயின் பிடியிலுள்ளான் இசைவு உரிமையுடைய இசைவாகுமா? ஒருவன் துன்பத்திலுள்ளான் என்பதனாலேயே அவன் சொல்லை மதியாது தள்ளுதல், நடுங்கும் கையையுடையான் நெஞ்சும் நடுங்குவதென்று கொள்ளுதலாகும். அவன் அறிவு தெளிந்திருத்தலை முன்னரே கூறினாம். தனக்குப் பயன்படாவிடினும் பின்வருவார்க்குப் பயன்படுக என்று ஒருவன் எண்ணுதற்கு நோய் தடையன்று. அந்நோயின் கொடுமையை அறிந்தவனே அதனை மிகுதியும் எண்ணுவான். ஆயினும், அவன் ஆசையை மருத்துவன் அறிவானாதலின், அவ்வாசையைத் தனக்கு அனுகூலமாக்கிக் கொள்ளாமை மருத்துவன் கடன். இசைவு கேட்பவன் அவனுக்கு வழக்கமாக மருந்து கொடுப்பவனாகவே இருப்பின், மறுத்தால் இவர் வெறுப்பாரோ என்னும் அச்சம் இடைபுகும். ஆதலின் சோதனையிற் பற்றில்லாத மற்றொருவர் இருந்து எடுத்துரைத்தலும், வீட்டாரோடு கலந்து எண்ண நாள் கொடுத்தலும், மறுத்தால் பழைய மருத்துவத்திற்குக் குறைவில்லை என்று உறுதி கூறலும் வேண்டும். இவை குறைந்தவிடத்து மூன்றாம் தடை வெல்லும், நிறைந்தவிடத்து வெல்லாது.

இதுகாறும் கூறியது சோதனைக்கு முன்னுள்ள அறம். சோதனைக்குப் பின்னுள்ள அறமே பெரும்பாலும் மறக்கப்படுவது. கொடை ஏற்றவன் கடன்பட்டவன். நியூர்டூரினுக்கு இனமாகிய ஜீடிஎன்எஃப் என்னும் புரதத்தை, மரபணுவால் அன்றிக் குழாய் வழியாக மூளைக்கு உய்க்கும் சோதனையொன்றை ஆம்ஜென் நிறுவனத்தார் 34 பேரைக் கொண்டு நடத்தினர். வெற்று நீர் பெற்றாரோடு ஒப்பிட்டபோது வேற்றுமை தெளிவாகக் காணப்படவில்லை. குரங்குகளின் சிறுமூளையிற் கேடும் காணப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் மருந்து நிறுத்தப்பட்டது. தமக்கு நலம் தெரிகின்றது, எம்மிடரை யாமே ஏற்போம், மருந்தைத் தாருங்கள் என்று நோயாளர் சிலர் வேண்டினர். நிறுவனத்தார் தீங்கு அஞ்சி மறுத்தனர். நியூயார்க்கிலும் கென்டக்கியிலும் நோயாளர் வழக்கிட்டனர். நீதிமன்றங்கள் நிறுவனத்தார் பக்கமே தீர்த்தன. நம்பிக்கையும் நலம் தருமென்பதை மேலே கண்டோமாதலின், அந்நோயாளர் உணர்ந்த நலம் மருந்தினாலாயதென்று துணிய இயலாது. தீங்கு அஞ்சியதும் குற்றமன்று. ஆயினும், தலையைத் துளைத்தற்கு இசைந்தவர்கள் நீதிமன்ற வாயிலில் நின்றது, முடிவில் யாது செய்வோம் என்பதை முன்னரே தெளிவுறப் பேசி வையாமையின் விளைவென்றே தோன்றுகின்றது. ஹெல்சிங்கி அறிக்கையின் பிற்காலத் திருத்தங்கள் இதனைக் கருதி, சோதனை முடிந்தபின் உட்பட்டார்க்குச் செய்யவேண்டுவதை முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டுமென்று கூறுகின்றன.

கடன் ஏற்றவர் நிலையாமையும் கருதத்தக்கது. ஆறு திங்களிற் பயன் கண்டதாக மேலே கூறிய நியூராலஜிக்ஸ் நிறுவனம், பொருள் முட்டுப்பட்டு 2012-ஆம் ஆண்டில் நொடித்துப் போயிற்று. நிறுவனம் மறையலாம்; செலுத்திய மரபணு மறையாது. அதனைச் சுமந்தாரை வாழ்நாள் முழுதும் கவனிக்கும் கடமை எவரதாகும்? வணிகனை மாத்திரம் நம்பி இக்கடமையை விடலாகாது; சோதனைக்கு இடங்கொடுத்த மருத்துவசாலையும் அரசும் அதிற் பங்குடையன என்பது எமது கருத்து.

செலுத்தவேண்டிய கடன்கள் இவை. குறித்த காலம் கழிந்தவுடன், நீர் பெற்றது இது என்று ஒவ்வொருவர்க்கும் மறையாது கூறல். சோதனை தோற்றாலும் வென்றாலும் முடிவை உலகறிய வெளியிடல். பின்விளைவுகளை நெடுநாள் கவனித்தல். மருந்து பயனுடையதென்று நிலைபெறின், வெறுந்துளை ஏற்றார்க்கு அதனை முற்பட அளித்தல். மறைப்பைக் காலத்தில் நீக்காமல் விடுவாராயின், முன்பு மறைத்தலாயிருந்தது அன்றே பொய்த்தலாகி விடும்.

தோல்வியை வெளியிடலால் என்ன பயன் எனின், நியூர்டூரின் சோதனைக்கு உட்பட்டுப் பின் இறந்த இருவர் மூளையை ஆராய்ந்தபோது, புட்டாமெனில் இட்ட மரபணு அங்கே வேலை செய்தும், அதன் பயன் கருநிறப் பகுதிக்குப் போதிய அளவு சென்று சேரவில்லை என்பது தெரிந்தது. அதனால் இரண்டிடத்தும் மருந்து செலுத்தி 51 பேரைக்கொண்டு மற்றொரு சோதனை நிகழ்ந்தது. 2015-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவும் கருதிய பயனைக் காட்டவில்லை. ஆயினும் எங்கே, எவ்வளவு, நோயின் எந்நிலையில் என்னும் வினாக்கள் முன்னினும் கூர்மையாயின. அண்மை ஆண்டுகளில் ஜீடிஎன்எஃப் மரபணுவைக்கொண்டு தொடங்கப்பட்ட சோதனைகள் அவ்வறிவின்மேலேயே எழுந்தன.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. நம்பிக்கையே நலந்தருமாயின், எல்லார்க்கும் வெறுந்துளையிட்டு மருந்தென்று கூறிவிடலாகாதோ? கருவணு நட்ட சோதனைக்கு உட்பட்டாரை ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, உண்மையில் எது பெற்றாராயினும், நடுகை பெற்றோம் என்று எண்ணியிருந்தார் தம் வாழ்வு மேம்பட்டதாகக் கூறினர் என்று காட்டிற்று. ஆயினும் அவ்வாறு செய்தலாகாது. அங்குத்தான் பொய் முழுவதும் நிறையும். இசைவு இல்லை, எல்லையும் இல்லை. அன்றியும் அந்நம்பிக்கை மருத்துவர் பல தலைமுறையாக மெய் கூறி வந்தமையால் விளைந்தது. அவ்விதைநெல்லையே குற்றி உண்டால், அடுத்த ஆண்டு விதைத்தற்கு ஒன்றுமிராது.

ஆகவே, இசைவின்மேல் நிகழும் மறைத்தல் பொய்த்தலன்று என்பதும், அது தூயதாதல் முன்னே கூறும் சொல்லின் தெளிவையும் பின்னே செலுத்தும் கடனின் நிறைவையும் பொறுத்தது என்பதும் பெறப்பட்டன. மெய்ம்மருந்து பெற்றார்க்கு நலம் உண்டாகலாம் என்னும் பங்கேனும் உண்டு. வெறுந்துளை பெற்றார் உலகத்திற்கு அளித்தது ஓர் அளவுகோல். தமக்கென்று வைத்துக்கொண்டது ஒரு தழும்பு. சீட்டு எடுக்குமுன் எவர் எப்பக்கம் ஆவார் என்பது தெரியாமையின், கையொப்பமிட்ட அனைவரும் அத்தழும்பை ஏற்கத் துணிந்தவரே. நாளை இந்நோய்க்கு நல்லதொரு சிகிச்சை தோன்றுமாயின், அதனைக் கண்டவர் பெயர் நூல்களில் எழுதப்படும். இவர்கள் பெயர் எழுதப்படுவதில்லை. தாங்கள் அறியாதிருக்க இசைந்ததனால் உலகம் அறிந்தது என்பதை நன்றியோடு நினைத்தலும், அவர்க்கு ஒருநாளும் மெய் தவறாமையுமே நாம் செய்யத்தக்க கைம்மாறு.